குழல் தந்த பெயர்கள்

பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் நம் வீடுகளிலே துடக்குக் கழிவு நடைபெறும். குருக்கள் வந்து புண்ணியாகவாசனஞ் செய்து தீர்த்தந் தெளிப்பார். பாட்டியார் பிள்ளையின் காதருகே குனிந்து பெயரைச் சொல்லி அழைப்பார். அன்று முதல் அப்பெயர் அப்பிள்ளையின் சொந்த உடைமை. காணி பூமி கைமாறலாம். வீடு வாசல் அழியலாம். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலே பெட்டி பேழை யாவற்றையும் விட்டு நடந்தோர் தம் பெயரை மட்டும் விடாது கொண்டு சென்றனர் எனப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். ஒருவன் வாழ்நாள் முழுதும் தூக்கிச் செல்லும் பொருள் இஃதொன்றே. அத்தகைய பொருளின் பொருளை அறிந்தோமா என்பதே எம் வினா.

யான் பயின்றது ஒரு மிஷன் பாடசாலை. ஒரு நாள் வகுப்பிலே ஆசிரியர் ஒவ்வொருவரையும் எழுப்பி, "உன் பெயரின் கருத்து என்ன?" என்று வினவினார். கிறிஸ்தவ மாணவர் தயங்காது விடை கூறினர். பேதுரு என்றால் பாறை என்றான் ஒருவன். யோவான் என்றால் கடவுள் அருளினார் என்பது பொருள் என்றான் மற்றொருவன். அடுத்து எழுந்தவன் என் பக்கத்திலிருந்த சைவ மாணவன். அவன் பெயர் 'முரளி' என்று தொடங்குவது. "அது சாமி பெயர், சேர்" என்றான். "சாமி பெயர்தான், கருத்து என்ன?" என்று ஆசிரியர் கேட்க, அவன் நிலத்தைப் பார்த்து நின்றான். என் முறை வந்தபோது யானும் அவ்வாறே நின்றேன். ஆசிரியர் ஏளனஞ் செய்யவில்லை. "வீட்டிலே கேட்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னார். வீட்டிலே கேட்டோம், வீட்டாரும் அறிந்திலர்.

அன்று பட்ட வெட்கமே இக்கட்டுரைக்கு வித்து. என் நண்பனின் பெயர் குழலைக் குறிப்பது என்று பின்னர் அறிந்தேன். அதனைத் தேடப் புகுந்தபோது, குழலைப் பற்றி எழுந்த பெயர்கள் பலவென்றும், அவற்றின் பின்னே நம் சமய வரலாற்றின் பெரும் பகுதி ஒன்று நிற்கின்றதென்றும் கண்டேன். கண்டவற்றை நம் சங்கத்து இளைஞர் முன்னும் பெரியோர் முன்னும் வைக்கின்றேன்.

சொல்லும் பொருளும்

முதலிலே சொற்களை நோக்குவோம். நம்மிடையே வழங்கும் குழற்பெயர்களுள் மிக்கவை வடமொழியைச் சார்ந்தவை. அவற்றுக்கு அடியாயுள்ள சொற்கள் மூன்று: வேணு, முரளி, வம்சி.

வேணு என்பதன் முதற்பொருள் மூங்கில். மூங்கிலாலாய குழலுக்கும் அதுவே பெயராயிற்று. கோபாலன் என்பது பசுக்களைக் காப்போன் எனப் பொருள்படும். ஆகவே வேணுகோபாலன் என்பான் குழலேந்திய ஆயன். வேணுகானன் குழலிசைப்போன்; வேணுலோலன் குழலிசையில் ஈடுபட்டோன்.

முரளி என்பதும் குழலே. முரளிதரன் என்பது குழலைத் தரித்தவன் எனவும், முரளிமனோகரன் என்பது குழலால் மனத்தைக் கவர்பவன் எனவும் பொருள்படும். தமிழிலே முரலுதல் என்றால் ஒலித்தல்; வண்டு முரலும் என்கின்றோம். முரளியும் முரலுதலும் காதுக்கு ஒத்திசைக்கின்றன. ஆயினும் ஒலி ஒற்றுமை ஒன்றையே பற்றி உறவு சாதித்தல் வரலாற்று முறையன்று. ஆதலின் அதனை அவ்வளவில் விடுகின்றேன். முராரி என்னும் பெயரை முரளியோடு சேர்த்து மயங்குவாரும் உளர். முராரி என்பது முரன் என்னும் அசுரனுக்குப் பகைவன் எனப் பொருள்படுவது. அதற்கும் குழலுக்கும் தொடர்பில்லை.

மூன்றாவது சொல் வம்சி. இது வம்சம் என்னும் சொல்லிற் பிறந்தது. வம்சம் என்பதற்கு மூங்கில் என்றும் பொருள். குலம், பரம்பரை என்றும் பொருள். கணுவுக்குமேற் கணுவாக மூங்கில் வளர்தல்போலத் தலைமுறைக்குமேல் தலைமுறையாகக் குலம் வளர்கின்றது. நம் நாட்டுப் பாளி நூலாகிய மகாவம்சத்தின் பெயரிலும் இச்சொல்லே நிற்கின்றது. மணமக்களை வாழ்த்தும்போது மூங்கில்போலக் கிளைத்துச் சுற்றஞ் சூழ வாழ்க என நம் பெரியோர் கூறுவதும் இக்கருத்தேயாம். வம்சிதரன், வம்சிகிருஷ்ணன் என்பன இவ்வடியிற் பிறந்த பெயர்கள். வடநாட்டிலே பன்சிதர், பன்சிலால் என வழங்குவனவும் இவையே. மூங்கிலாகிய குழலின் பெயரையே குலத்தின் புதுத் தளிருக்கு இடுதல் எத்துணைப் பொருத்தம்!

தமிழிலே மூங்கிலுக்கு வேய் என்று பெயர். அதனாலாய குழல் வேய்ங்குழல். புல்லாங்குழல் என்னும் சொல்லை நாளும் வழங்குகின்றோம். மூங்கிலுக்கும் புல்லுக்கும் என்ன தொடர்பு என எண்ணிப் பார்த்தோமில்லை. உள்ளே வயிரம் உடையதை மரம் என்றும் புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்துரைக்கின்றது. உள்ளே வெறுமையும் வெளியே உறுதியும் உடைய மூங்கில் அவ்விதிப்படி புல்லாகும். இற்றைத் தாவர நூலாரும் மூங்கிலைப் புற்குடும்பத்திலேயே சேர்த்துள்ளனர். புல்லாங்குழல் என்னும் ஒரு சொல்லுள்ளே இத்துணை அறிவு அடங்கிக் கிடக்கின்றது.

ஆயர் கையிற் குழல்

குழல் என்றவுடன் கண்ணன் நம் கண்முன் தோன்றுகின்றான். ஆனால் நம் பழந்தமிழ் நூல்களிலே குழலை முதலிற் கையிலே பிடித்து நிற்பவன் பெயரறியாத ஓர் இடையன்.

பெரும்பாணாற்றுப்படையிலே கடியலூர் உருத்திரங்கண்ணனார் அவனைக் காட்டுகின்றார். காட்டிலே மாடு மேய்ப்பவன் தீக்கடைகோலால் நெருப்புண்டாக்குகின்றான். கனலும் அக்கோலைக் கொண்டே மூங்கிலிற் கரிய துளையிட்டுக் குழல் செய்து ஊதுகின்றான். குழல் சலித்தபோது குமிழங்கொம்பிலே மரல்நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் ஒன்று செய்துகொள்கின்றான். கலித்தொகையின் முல்லைக்கலியிலே கொன்றைக் குழலூதும் ஆயர் வருகின்றனர். கொன்றைக் காயைத் துருவிச் செய்தது அக்குழல் என்பர்.

அகநானூற்று 82ஆம் பாட்டிலே கபிலர் இன்னும் ஒருபடி முன்னே செல்கின்றார். அங்கே குழலூத ஆளே இல்லை. வண்டு துளைத்த மூங்கிலிலே கோடைக் காற்றுப் புகுந்து குழலாக ஒலிக்கின்றது. அருவி முழவாகின்றது, வண்டினம் யாழாகின்றது, மயில் ஆட, மந்திகள் வியந்து நோக்குகின்றன. மனிதன் குழலைக் கண்டுபிடித்தது எவ்வாறு என்று விளக்க இதனினும் அழகிய ஓவியம் வேண்டுமோ?

பின்னாளிலே குழல் அரங்கேறிற்று. சிலப்பதிகார அரங்கேற்று காதை குழலாசிரியன் இலக்கணத்தைக் கூறுகின்றது. அப்பகுதிக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என ஐந்து பொருளாற் குழல் செய்யப்படும் என்றும், அதன் நீளம் 20 விரல் என்றும் அளவிட்டுரைக்கின்றார். இடையன் நெருப்புக்கோலால் துளையிட்ட மூங்கில் இவ்வாறு சாத்திரப் பொருளாயிற்று.

சிலப்பதிகாரத்திலே பெயரிடுதல் பற்றி ஓர் அரிய செய்தியும் உண்டு. மதுரை ஆயர்சேரியிலே தீக்குறிகள் தோன்றியபோது, கண்ணகிக்கு இடந்தந்த மாதரி என்னும் முதுமகள் குரவைக் கூத்தாட ஏற்பாடு செய்கின்றாள். கன்னியர் எழுவரை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு சுரங்களின் பெயரையும் அவர்களுக்கு இடுகின்றாள். குரலானவள் மாயவன், இளியானவள் பலதேவன், துத்தமானவள் நப்பின்னை. பின்னர் கொன்றைக்குழல், ஆம்பற்குழல், முல்லைக்குழல் மூன்றையும் பாடி ஆடுகின்றனர். கூத்துக்காக இட்ட பெயரேயாயினும், இசையின் பெயரைப் பெண்மக்களுக்கு இட்டழைத்த வழக்கிற்கு இது பழைய சான்று. இன்று பிள்ளைக்கு யாழினி என்றோ இசைச்செல்வி என்றோ பெயரிடும் தாய் மாதரியின் வழியில் வந்தவளே.

மாயோனும் சேயோனும்

காடு சார்ந்த முல்லை நிலத்துக்கு மாயோனும், மலை சார்ந்த குறிஞ்சி நிலத்துக்குச் சேயோனும் தெய்வம் என்பது தொல்காப்பியம். ஆயர் தம் கையிலிருந்த குழலைத் தம் தெய்வமாகிய மாயோன் கையிலே கொடுத்தனர். இது நிகழ்ந்தது ஒரே நாளிலன்று. மாமல்லபுரத்திலே 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி கோவர்த்தன மலையைக் கண்ணன் தாங்கி நிற்பதைப் பாறையிலே செதுக்கியுள்ளான். அங்கே ஓர் இடையன் பால் கறக்கின்றான். மற்றோரிடையன் குழல் ஊதுகின்றான். கண்ணன் கையிலே குழலில்லை, மலையே இருக்கின்றது. பின்னர் பாகவதத்தின் பத்தாம் கந்தம் 21ஆம் அத்தியாயம் முழுவதும் கண்ணன் குழலிசையைப் போற்றுவதாயிற்று. 13ஆம் நூற்றாண்டிலே ஒய்சளர் ஆட்சியில் எழுந்த சோமநாதபுரம் கோயிலிலே மூன்று கருவறைகளுள் ஒன்று வேணுகோபாலனுக்கே உரியது. பெயர் கல்லிலே நிலைபெற்றபின் வீடுதோறும் பரவுதல் இயல்பே.

நிற்க. மலைநிலத்துச் சேயோனுக்குக் குழலில்லையா? உண்டு. நக்கீரர் திருமுருகாற்றுப்படையிலே குன்றுதோறாடும் முருகனை வருணிக்கும்போது, அவனைக் குழலன் என்று அழைக்கின்றார். கொம்பூதுபவனும் சிறு வாத்தியங்கள் பல உடையவனும் அவனே. நல்லூரிலும் மாவிட்டபுரத்திலும் செல்வச்சந்நிதியிலும் கதிர்காமத்திலும் வேலேந்திய முருகனையே கண்டு தொழும் நமக்கு, குழலேந்திய முருகன் புதியவனாகத் தோன்றலாம். ஆனால் அவன் பழையவன். முருகன் பெயரை விரும்பிப் பிள்ளைக்கு இடுவோர் நம்முட் பலர். குழலன் என்னும் பெயரோ தீண்டுவாரற்று நூலிலே கிடக்கின்றது.

பெயரிடச் சொன்ன ஆழ்வார்

குழலுக்கும் குழந்தைப் பெயருக்கும் தமிழிலே பாலமிட்டவர் என்று ஒருவரைச் சுட்டவேண்டுமாயின், அவர் வில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரேயாவர். அவர் தம் திருமொழியிலே கண்ணன் குழலூதும் அழகை ஒரு தனிப்பதிகமாகப் பாடியுள்ளார். இன்னொரு பதிகத்திலே தாய்மாரை விளித்து, பொன்னுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு மனிதர் பெயரைப் பிள்ளைக்கு இடவேண்டாம், இறைவன் பெயரை இடுங்கள் என இரந்து கேட்கின்றார். இறைவன் பெயருடைய பிள்ளையின் தாய் நரகம் புகாள் என்பது அவர் உறுதி.

இதன் கருத்து யாது? தாய் ஒரு நாளிலே எத்தனை முறை பிள்ளையை அழைக்கின்றாள்! உண்ண அழைக்கின்றாள், உறங்க அழைக்கின்றாள், கோபத்திலும் அழைக்கின்றாள். அவ்வழைப்பு ஒவ்வொன்றும் திருநாம செபமாகிவிடுகின்றது. பாகவதத்திலே அசாமிளன் இறக்குந் தறுவாயில் நாராயணன் என்னும் பெயருடைய தன் மகனை அழைத்தே நற்கதி பெற்றான் என்ற கதையும் இதுபற்றியே. வேலை நெருக்கத்தால் கோயிலுக்குப் போக முடியாத தாயும், வீட்டிலிருந்தே இறைவனை அழைக்க நம் முன்னோர் கண்ட வழி பெயரிடுதலாகும். ஆயின், பொருளறியாது அழைக்கும்போது இவ்வழி பாதி அடைபட்டுப் போகின்றது.

ஆனாயர் என்னும் குழற்செல்வர்

இனிச் சைவர்களாகிய நாம் சிறப்பாக அறியவேண்டிய ஒருவரிடம் வருவோம். அவர் அறுபத்துமூவருள் ஒருவராகிய ஆனாய நாயனார்.

மழநாட்டு மங்கலத்திலே ஆயர் குலத்திற் பிறந்தவர் அவர். பசுக்களை மேய்ப்பதும், வேய்ங்குழலிலே திருவைந்தெழுத்தை இசைப்பதும் அவர் தொண்டு. ஒரு கார்காலத்து நாளிலே பூத்துச் சரந்தொங்கும் கொன்றை மரமொன்றைக் கண்டார். கொன்றை சூடிய சடையுடைய சிவனாகவே அம்மரம் அவருக்குத் தோன்றிற்று. உள்ளம் உருகக் குழலை எடுத்தார். மேய்ந்த பசுக்கள் மேய்ச்சலை மறந்தன. பாலுண்ட கன்றுகள் பாலை மறந்தன. பாம்பும் மயிலும், சிங்கமும் யானையும் பகை மறந்து அருகருகே நின்றன. காற்றசையவில்லை, ஆறோடவில்லை. சிவபெருமான் உமையோடு தோன்றி, குழலூதியபடியே வருக என்று அவரைத் தம் பக்கம் அழைத்துக்கொண்டார். 12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெரியபுராணத்தில் இவ்வரலாற்றை விரித்தபோது, மூங்கிலை அறுத்துத் துளையிட்டுக் குழல் செய்யும் முறையையும் உடன் விளக்கினார். ஆறுமுக நாவலர் 1852ஆம் ஆண்டிலே பெரியபுராணத்தை வசனமாக அச்சிட்டதனால், செய்யுள் பயிலாத சிறுவரும் ஆனாயரை அறியும் வாய்ப்புப் பெற்றனர்.

அவர் பெயரைப் பிரித்து நோக்குக. ஆன் என்பது பசு. ஆயன் என்பது மேய்ப்போன். ஆனாயன் என்றால் பசுக்களைக் காப்போன். கோபாலன் என்பதற்கும் பொருள் அதுவேயன்றோ? கோ என்பது பசு. பாலன் என்பது காப்போன். வடசொல்லிலே கோபாலன், தென்சொல்லிலே ஆனாயன். அங்ஙனமாயின் வேணுகோபாலன் என்பதை நேரே தமிழாக்கினால் 'குழலேந்திய ஆனாயன்' என்றே வரும். அது கண்ணனுக்கும் பொருந்தும். நாயனாருக்கும் அவ்வாறே பொருந்தும்.

இதனைக் கண்டபோது யான் எய்திய மகிழ்ச்சி பெரிது. சைவக் குடும்பத்திலே வைணவப் பெயர் ஏன் என்று வினவுவார் சிலர். தமிழ்ப்பிள்ளைக்கு வடசொற் பெயர் ஏன் என்பார் வேறு சிலர். சொல் வேறாயினும் அச்சொல் சுட்டும் உருவம் ஒன்றே. மாடு மேய்க்கும் எளியவன் ஒருவன், உள்ளே வெறுமையான ஒரு மூங்கில், அதன்வழிப் புகும் மூச்சு, அதனைக் கேட்டு நிற்கும் உயிர்கள். இவ்வுருவத்தின் முன் இரு சமயத்தாரும் ஒருங்கே தலைவணங்கினர். அகந்தையின்றி வெறுமையாய் நிற்பவன் வழியே இறைவன் இசைப்பான் என்பது அதன் உட்பொருள்.

குழற்கலை வரலாறும் இதற்கு இசைகின்றது. கருநாடக இசையிலே குழலைத் தனிக் கச்சேரிக்குரிய வாத்தியமாக உயர்த்தியவர் கும்பகோணம் சரப சாஸ்திரிகள் (1872–1904). கண்பார்வை இழந்த அவர் பெயர் சிவபெருமானின் சரபத் திருவுருவைக் குறிப்பது. பிற்காலத்திலே மாலி எனப் புகழ்பெற்ற குழல்மேதையின் முழுப்பெயர் டி. ஆர். மகாலிங்கம் (1926–1986). சிவன் பெயருடையார் கண்ணனின் குழலை ஊதினர். இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஊர்ப்பெயரும் பெண்பிள்ளைப் பெயரும்

வேணு என்னும் சொல் சைவத் தலங்களிலும் பெருவழக்குடையது. சம்பந்தப் பிள்ளையார் அவதரித்த சீகாழியின் பன்னிரு பெயர்களுள் வேணுபுரம் ஒன்று. திருநெல்வேலியிலே மூங்கில் தலவிருட்சம். நெல்லையப்பருக்கு வேணுவனநாதர், வேய்முத்தர் என்னும் திருநாமங்கள் உண்டு. குழலாகும் முன்னர் மூங்கில் அங்கே கோயிலாயிற்று.

பெண்பிள்ளைப் பெயர்களிலே பெரிய மயக்கமொன்று உண்டு. பூங்குழலி என்ற பெயரைக் குழலோசையோடு சேர்த்து எண்ணுவார் பலர். குழல் என்பதற்குக் கூந்தல் என்றும் பொருள். பூங்குழலி பூவணிந்த கூந்தலாள். கல்கியின் பொன்னியின் செல்வனிலே ஓடம் செலுத்தி ஈழக்கரைக்கு வந்த பெண்ணின் பெயரும் அதுவே. காஞ்சி ஏலவார்குழலியும் திருவாலங்காட்டு வண்டார்குழலியும் கூந்தலாற் பெயர் பெற்ற அம்மையரே. வடமொழியிலும் இத்தகைய மயக்கம் உண்டு. வேணு குழல், வேணி சடை அல்லது பின்னல். கிருஷ்ணவேணி என்னும் பெயரிலே குழலோசை கேளாது.

ஆயின் பெண்பிள்ளைக்குக் குழலோசைப் பெயர் இல்லையோ எனின், அழகியதொன்று உண்டு. திருக்குற்றாலத்து அம்மையின் திருநாமம் குழல்வாய்மொழி. குழலோசை போன்ற இனிய மொழியுடையாள் என்பது பொருள். வேதாரணியத்து அம்மை யாழைப்பழித்த மொழியாள். அவளுக்குக் குற்றாலத்து அம்மை தோழிபோலும். குழல்மொழி, வாய்மொழி எனச் சுருக்கி வழங்கினும் இனிமை குன்றாது.

ஈழநாட்டிலே பெயர்பட்ட பாடு

இனி நம் நாட்டை நோக்குவோம். சைவமே மிக்க யாழ்ப்பாணத்திலும் திருமால் வழிபாடு பழமையுடையது. துன்னாலை வல்லிபுரம், பொன்னாலை, வண்ணார்பண்ணை ஆகிய இடங்களிலே பெருமாள் கோயில்கள் உள. வல்லிபுர ஆழ்வார் சக்கர வடிவிலே வழிபடப்படுகின்றார். கிருஷ்ணபிள்ளை, நாராயணபிள்ளை, தாமோதரம்பிள்ளை என்பன சைவ வீடுகளிலே தயக்கமின்றி வழங்கிய பெயர்கள்.

19ஆம் நூற்றாண்டிலே பெயருக்கு ஒரு சோதனை வந்தது. 1823ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிஷனரிமார் செமினரியைத் தொடங்கினர். அவர்களுடைய பாடசாலைகளிலே பிள்ளையின் படிப்புச் செலவை அமெரிக்காவிலுள்ள உபகாரி ஒருவர் ஏற்பதும், அவர் விரும்பிய பெயரைப் பிள்ளைக்குச் சூட்டுவதும் வழக்கமாயிருந்தன. சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். சிறுப்பிட்டியிலே 1832இற் பிறந்த தாமோதரம்பிள்ளை சார்ள்ஸ் வின்ஸ்லோ ஆனார். அம்மிஷனரிமார் தந்த கல்வியை யான் குறைகூறேன். அத்தகைய கல்வியாலேயே யானும் எழுதக் கற்றேன். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இலே வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகம் நம் புலவர் வரலாற்றுக்கு இன்றும் துணைநூல்.

தாமோதரம்பிள்ளையின் வரலாறோ பெயரின் வலிமைக்கு ஒரு பாடம். ஆங்கிலத்திலே அவர் 'சி. டபிள்யூ.' என்று கையொப்பமிட்டார். அது சார்ள்ஸ் வின்ஸ்லோ. தமிழிலே 'சி. வை.' என எழுதினார்; அது சிறுப்பிட்டி வைரவநாதர், அஃதாவது ஊரும் தந்தையும். இரண்டையும் சுமந்தார், இடையிலே தாமோதரன் என்னும் பெயர் அசையாதிருந்தது. தாமம் கயிறு, உதரம் வயிறு. யசோதை கயிற்றாற் கட்டிய ஆயர்குலக் குழந்தையே தாமோதரன். அக்குழந்தையின் பெயர் பூண்டவரே 1887இலே கலித்தொகையை முதன்முதல் அச்சேற்றினார். ஆயர் கொன்றைக் குழலூதும் முல்லைக்கலி அந்நூலிலேதான் உள்ளது. ஏட்டிலே அழியவிருந்த குழலோசையைக் கண்ணன் பெயருடைய ஈழத்தமிழர் மீட்டார் என்பது நினைக்குந்தோறும் நெஞ்சை நிறைப்பது.

நம் காலத்திலே குழற்பெயர் ஒன்று உலகெங்கும் ஒலித்தது. 1972இலே கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரன் துடுப்பாட்டத்திலே 800 ரெஸ்ற் விக்கெற்றுகளை வீழ்த்தி, 2010ஆம் ஆண்டு காலியிலே ரெஸ்ற் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். மைதானத்திலே சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே 'முரளி, முரளி' என்று ஆர்ப்பரித்தனர். 'குழல், குழல்' என்று கூவியதாகவே அதற்குப் பொருள். தாம் கூவுவது இன்னதென அறிந்தோர் அக்கூட்டத்திலே எத்தனை பேர்?

அறியாமை இன்று வேறு வடிவங் கொண்டுள்ளது. பிறந்த நட்சத்திரத்துக்குரிய எழுத்தைக் கேட்கின்றோம். எண்சாத்திரியிடம் கூட்டுத்தொகை கேட்கின்றோம். எழுத்தும் எண்ணும் பொருந்திவிட்டால், பொருளேயில்லாத ஓசைக் கோவையையும் பெயரென்று பதிகின்றோம். கடல்கடந்து வாழும் உறவினரோ, அந்நாட்டவர் நாவுக்கு எளிதாகட்டும் என்று பெயரை அரைவாசியாக வெட்டுகின்றனர். நட்சத்திரம் பார்ப்பதையும் நாவுக்கு எளிமை தேடுவதையும் யான் பழிக்கவில்லை. வேணு, முரளி, வம்சி, குழலன் ஆகிய பெயர்கள் எந்நாட்டு நாவுக்கும் எளியவையே. இனிமையும் எளிமையும் பொருளும் ஒருங்கேயிருக்க, பொருளை மட்டும் ஏன் கைவிடவேண்டும்?

நாம் செய்யத்தக்கன

இளைஞர்காள்! இன்றிரவே உங்கள் பெயரின் பொருளைத் தேடுங்கள். பாட்டனாரை, பாட்டியாரைக் கேளுங்கள். ஏன் இப்பெயரிட்டார்கள் என்பதையும் கேளுங்கள். ஒவ்வொரு பெயரின் பின்னும் ஒரு நேர்த்தியோ, ஒரு கோயிலோ, மறைந்த உறவினர் ஒருவரோ நிற்பர். கேட்டதை ஒரு கொப்பியிலே எழுதி வையுங்கள். பிறப்பத்தாட்சிப் பத்திரத்திலே எழுத்து மட்டுமே இருக்கும். பொருளை நாமே எழுதவேண்டும்.

பெரியோர்களே! பெயரிடும் நாளிலே பிள்ளையின் காதிலே பெயரைச் சொல்லும்போது, கூடியிருப்போர் காதிலே அதன் பொருளையும் சொல்லுங்கள். கார்த்திகை அத்தத்திலே ஆனாய நாயனார் குருபூசை வருகின்றது. அன்று நம் மண்டபத்திலே குழல் பயிலும் பிள்ளை ஒருவரைக் கொண்டு ஐந்தெழுத்தை இசைக்கச் செய்தால், அதைக் கேட்கும் வேணுவும் முரளியும் தம் பெயரைப் புதிதாகக் கேட்பர்.

என் நண்பன் இப்பொழுது கடல்கடந்து வாழ்கின்றான். அண்மையிலே அவனுக்குக் கடிதம் எழுதியபோது அவன் பெயரின் பொருளையும் எழுதினேன். அவன் தந்த மறுமொழி ஒரே வரி: "எனக்கு மகன் பிறந்தால் அவன் வகுப்பிலே தலைகுனியான்."

குழலும் யாழும் இனியவை என்போர் தம் மக்களின் மழலையைக் கேளாதோரே என்றார் வள்ளுவர். அவர் கண்ட துலாக்கோலிலே குழலைவிடக் குழந்தையே கனத்தது. குழலின் பெயரைக் குழந்தைக்கு இடுவோர், இனியதன் பெயரை அதனினும் இனியதற்கு இடுகின்றனர். அவ்வினிமையை அறிந்து இடுவோமாக. அறிந்தபின் வாய்நிறைய அழைப்போமாக.